கொக்குவிலைக் காணவில்லை

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண்மணி. அவருடைய தந்தையார் கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலொன்றில் நெடுங்காலம் சுருட்டுச் சுற்றியவர். சமாதான காலத்தில் நான் பத்திரிகையில் எழுதிவந்த ஊர் மனிதர்கள் பற்றிய பத்தியில் அவரைப் பற்றியும் எழுதியதாகத் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறாராம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர்களுடைய வீட்டிலிருந்த படங்களும் கடிதங்களும் போய்விட்டன. தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள். "அவர் பேசிய பேச்சு எழுத்தில் எங்காவது இருக்குமென்றால் அது உங்கள் கட்டுரையில்தான். உங்கள் இணையப் பக்கத்தில் கொக்குவில் என்று தேடினேன். ஒன்றும் இல்லை என்று வருகிறது. அப்படியொரு கட்டுரை வரவேயில்லையா?" என்று கேட்டிருந்தார்.

நானும் தேடினேன். 'முடிவுகள் எவையும் இல்லை' என்றது பக்கம். எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருநூறுக்கு மேற்பட்ட பத்திகளில் எதை எழுதினேன், எதை எழுத எண்ணி விட்டேன் என்பது எனக்கே மயக்கமாயிருக்கிறது. "அவ்வாறான கட்டுரை எதுவும் என் சேகரிப்பில் இல்லை, மன்னிக்கவும்" என்று பதிலும் எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் பழைய ஒப்புநோக்குநர் புத்தி குறுக்கே வந்தது. கொக்குவில் ஒரு சிற்றூரன்று. இருநூறு பத்திகளில் ஒருமுறைகூட நான் கொக்குவில் என்று எழுதாமலா இருந்திருப்பேன்?

அந்த ஐயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி நிரல் பற்றிய விடயம் சற்று வரும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் சில இடங்கள் பழகியவையாக இருக்கும். மற்றவர்கள் பொறுமையோடு வாசித்தால் விளங்கும், எனக்கே விளங்கிற்று.

முதலில் இந்தச் சேகரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காலத்தில் எங்கள் ஆசிரியபீடத்தில் எல்லாமே பாமினி எழுத்துருவில்தான் தட்டெழுதப்பட்டன. பாமினி போன்ற எழுத்துருக்களில் கணினியின் நினைவில் இருப்பது தமிழே அன்று, ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழின் உருவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. எழுத்துருவை எடுத்துவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குப்பை. என் பத்திகள் அப்படியே இறுவட்டுகளில் கிடந்தன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றி, தேடற்பெட்டி ஒன்றும் வைத்து, இணையத்தில் ஏற்றவேண்டுமென்பது ஓய்வுக்குப் பிறகு வந்த ஆசை.

யாழ்ப்பாணத்திலேயே மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் என் பெறாமகள் அடிப்படையைச் சொல்லித் தந்தாள். மீதியை நானே செய்தேன். பாமினியை யுனிகோடாக்க ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம், தேடலுக்கு இன்னொரு நிரலகம். இரண்டும் யாரோ எழுதி இலவசமாக விட்டவை. என்.பி.எம். என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து ஒரு கட்டளையில் இறங்கிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி உலாவிக்குக் கொடுக்க ஒரு பொதிகட்டி. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பக்கம் அழகாகத் திறந்தது. நானும் பெருமையோடு உலகத்துக்கு அறிவித்துவிட்டேன்.

இனி ஐயத்துக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்தேன். சாவகச்சேரி வந்தது. காரைநகர் வந்தது. வேலணை, நெடுந்தீவு, கைதடி, ஊர்காவற்றுறை எல்லாம் வந்தன. கொக்குவில் வரவில்லை. கோண்டாவில் வரவில்லை. கொடிகாமம், தொண்டைமானாறு, பொன்னாலை, தொல்புரம் எவையும் வரவில்லை. பூநகரிப் பக்கத்துக் கௌதாரிமுனையும் வரவில்லை.

தாளை மேசையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் இதற்குள் புலப்பட்டிருக்கும். வராத ஊர்கள் எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய ஒரு மெய் இருக்கிறது. எழுத்தின் முன்னும் பின்னும் குறி நிற்கும் ஊர்களை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்து மறைத்துவிட்டார்கள்.

யுனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தை எழுதி, அதன்பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதுவது ஒரு வகை. ககரத்தின்பின் எகரக் கொம்பையும் அதன்பின் அரவையும் தனித்தனிக் குறியீடுகளாக எழுதுவது மற்றைய வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணினி உருவத்தைப் பார்ப்பதில்லை, எண்களை ஒப்பிடுகிறது. அதற்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். இவை இரண்டும் சமமானவை என்று யுனிகோடு விதியே சொல்கிறது. ஆயினும் அந்தச் சமன்பாட்டை நிரலில் யாராவது கேட்டுச் செய்விக்கவேண்டும். தானாக நடக்காது.

ஆக, என் கட்டுரைகளில் கொக்குவில் ஒரு வகையிலும், தேடற்பெட்டியில் மறு வகையிலும் எழுதப்பட்டிருக்கவேண்டும். இவ்வளவும் எனக்கு எட்டியது. எட்டாதது வேறு. இரண்டு பக்கத்திலும் எழுத்தை மாற்றுவது ஒரே நிரலகமல்லவா? ஒரே ஆள் எழுதினால் எப்படி இரண்டு கையெழுத்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை பெறாமகள் வந்தாள். தேநீரை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கறுப்புத் திரையில் ஒரு சிறு கட்டளையைத் தட்டினாள். எந்த நிரலகம் எதனால், எந்தப் பதிப்பில் உள்ளே வந்தது என்று மரம்போலக் காட்டும் கட்டளை அது.

"சித்தப்பா, நீங்கள் வைச்சிருக்கிறது ஒரு மாற்றி இல்லை. ரெண்டு."

"நான் ஒண்டைத்தானே பிள்ளை போட்டனான்?"

"நீங்கள் போட்டது ஒண்டு. தேடல் நிரலகம் தன்ரை பாட்டிலை மற்றதைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கு. உங்கடை இரண்டாம் பதிப்பு. அதின்ரை முதலாம் பதிப்பு."

விளக்கம் இதுதான். வாசகர் பாமினியில் ஒட்டினாலும் யுனிகோடில் தட்டினாலும் ஏற்கும் தேடற்பெட்டி அது. ஆகவே அதற்குள்ளும் ஒரு மாற்றி வேண்டும். அதை எழுதியவர், 'எனக்கு மாற்றி நிரலகத்தின் 1.4.0 வேண்டும், அதற்குமேல் வந்தாலும் சரி, ஆனால் 2க்குப் போகக்கூடாது' என்று குறித்திருந்தார். ^ என்ற சிறு தொப்பிக்குறிக்கு அங்கே அதுதான் பொருள். பதிப்பு எண்ணின் மூன்று இலக்கங்களில் முதலாவது மாறினால், பழைய பழக்கம் எதுவோ முறிந்திருக்கிறது என்று நிரலாளரிடையே ஓர் உடன்பாடு. நானோ புதியது நல்லதென்று எண்ணி இரண்டாம் பதிப்பை இறக்கியிருந்தேன். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே பதிப்பால் நிறைவேற்ற முடியாது. எனவே என்.பி.எம். இரண்டாம் பதிப்பை முன்கூடத்தில் வைத்தது. முதலாம் பதிப்பைத் தேடல் நிரலகத்தின் சொந்த அறைக்குள் வைத்தது. பொதிகட்டி ஒரு நிரலகத்தைத் தேடும்போது கேட்டவர் இருக்கும் அறையில் முதலில் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே வரும். என் நிரல் கேட்டபோது முன்கூடத்திலிருந்த 2 கிடைத்தது. தேடற்பெட்டி கேட்டபோது அறைக்குள் இருந்த 1 கிடைத்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டி உலாவிக்கு அனுப்பிவிட்டது. முதலாம் பதிப்பு ஒகரத்தை இரண்டு துண்டாக எழுதும். இரண்டாம் பதிப்பு ஒன்றாக எழுதும். அந்த மாற்றத்துக்காகவே முதல் இலக்கம் ஒன்று கூடியிருக்கிறது. மாற்றக் குறிப்பில் ஒரு வரியில் எழுதியும் இருக்கிறது. நான் வாசிக்கவில்லை.

பொதிகட்டியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் விடியற்காலையில் கட்டுக் கட்டும் பகுதியை நினைத்தேன். பருத்தித்துறைக்கு இத்தனை, சாவகச்சேரிக்கு இத்தனை என்று எண்ணிச் சணலால் கட்டி முதல் பேருந்தில் ஏற்றுவார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயர் ஒரு விதமாகவும் ஏழாம் பக்கத்தில் வேறு விதமாகவும் இருப்பதைக் கட்டுபவர் பார்க்கமாட்டார். பார்ப்பது அவர் வேலையன்று. ஆசிரியபீடத்தில் இருந்த நாம் பார்த்திருக்கவேண்டும்.

சார்புகளின் இந்தச் சண்டை புதிதன்று என்றாள் பெறாமகள். 2006இல் ஜேகுவெரி வந்தபோதே, அதுவும் அதற்கு முந்திய புரோட்டோடைப் என்ற நிரலகமும் டொலர்க் குறியைத் தமக்கே உரியதென்று கொண்டாடின. ஒரு பக்கத்தில் இரண்டும் இருந்தால் பக்கமே நின்றுவிடும். பிணக்கைத் தீர்க்க ஜேகுவெரி அந்தக் குறியை விட்டுக்கொடுக்கும் வழியொன்றைத் தனக்குள்ளேயே வைத்தது. பின்னர் 2011இல் பிரவுசரிஃபை, 2012இல் வெப்பேக், 2020இல் வீட் என்று பொதிகட்டிகள் வந்தன. ஒவ்வொரு நிரலகமும் தனக்கென ஓர் அறை பெற்றது. பெயர்ச் சண்டை ஓய்ந்தது. ஆனால் ஒரே நிரலகத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும் நிலை வந்தது. ரியாக்ட் போன்றவை அப்படி இரண்டு பிரதியாக வந்தால் பெரும்பாலும் சத்தமிட்டு நிற்கும். நிரலாளர் உடனே திருத்துவார். சத்தமிடாமல் நடப்பதுதான் ஆபத்து. என் வீட்டில் நடந்தது அதுதான். பக்கம் திறந்தது, தேடல் வேலை செய்தது, சாவகச்சேரி கிடைத்தது. கொக்குவில்காரர் மட்டும் இல்லாமற் போனார்கள்.

இனித் தீர்வு. வழிகள் நான்கு என்று விரல்விட்டு எண்ணினாள்.

முதலாவது, தேடல் நிரலகத்தின் புதிய வெளியீடு ஏதும் இரண்டாம் பதிப்பை ஏற்கிறதா என்று பார்ப்பது. முறையான வழி அதுவே. பார்த்தோம். அதை எழுதியவர் நீண்டகாலமாகக் கைவைக்கவில்லை. இரண்டாவது, என் கோரிக்கையை முதலாம் பதிப்புக்கு இறக்குவது. அதுவும் வழிதான், ஆனால் இரண்டாம் பதிப்பில் திருத்திய வேறு பிழைகளை மீண்டும் வாங்கிக்கொள்ளவேண்டும். மூன்றாவது, பொதிகட்டியின் அமைப்பில் 'இந்தப் பெயரை யார் கேட்டாலும் இந்த ஒன்றையே கொடு' என்று எழுதிவைப்பது. நான்காவது, நிரலகப் பட்டியற் கோப்பிலேயே 'மேலாணை' என்ற பகுதியில், எவர் எதைக் கேட்டிருந்தாலும் இரண்டாம் பதிப்பையே வழங்கு என்று கட்டளையிடுவது. என்.பி.எம். 2021 இறுதியில் தந்த வசதி அது.

"இரட்டைகளை ஒன்றாக்கிற கட்டளை ஒண்டு இருக்கெண்டு வாசிச்சனே?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு பதிப்பு இருந்தால்தான் அது ஒன்றாக்கும். இஞ்சை ஒருத்தர் ஒண்டு எண்டுறார், மற்றவர் ரெண்டு எண்டுறார். அது என்ன செய்யும்?"

ஐந்தாவதாக ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. இன்னொரு நிரலகம் தன்னோடு இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு நிரலகம் நிபந்தனை வைக்கும் வேளைகளில், 2020இல் வெளியான ஏழாம் பதிப்பு முதல் என்.பி.எம். அந்த நிபந்தனை முரண்பட்டால் நிறுவ மறுத்து நின்றுவிடும். அப்போது 'வற்புறுத்து' என்றொரு சொல்லைக் கட்டளையின் வாலில் சேர்த்தால் மறுப்பு மறைந்துவிடும். பலரும் அதைச் செய்துவிட்டு உறங்கப் போகிறார்கள் என்றாள். நானும் வேறொரு நிரலகத்துக்கு முன்பு அப்படிச் செய்தவன்தான். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மேலாணை எழுதுவதற்குமுன் அவள் செய்த ஒன்றைக் குறிப்பிடவேண்டும். இரண்டாம் பதிப்பின் மாற்றக் குறிப்பு முழுவதையும் வாசித்தாள். பின்னர் தேடல் நிரலகம் மாற்றியிடம் எந்தெந்தச் செயலைக் கேட்கிறது என்று அதன் மூலநிரலில் போய்ப் பார்த்தாள். கேட்பது ஒன்றே ஒன்று. அதன் பெயரும் அழைக்கும் முறையும் மாறவில்லை. அதன் பிறகே எழுதினாள். மேலாணை என்பது இன்னொருவர் கேட்காத ஒன்றை அவர் கையில் திணிப்பது. அது அவருக்குப் பொருந்துமா என்பதை நாமே பார்க்கவேண்டும். அதற்கு வேறு எவரும் உத்தரவாதமில்லை. இறக்கியவற்றை நீக்கி மீண்டும் நிறுவினோம். மரத்தைக் காட்டச் சொன்னோம். ஒரே மாற்றி, ஒரே பதிப்பு. பொதியை மீண்டும் கட்டினோம்.

கொக்குவில் வந்தது.

அதோடு எழுந்துவிட இருந்தேன். அவள் விடவில்லை. "பதிப்பை ஒன்றாக்கினது பாதிதான், சித்தப்பா. நாளைக்கு வேறை ஒரு விசைப்பலகை துண்டாக எழுதி அனுப்பினால் திரும்பவும் இதே கதைதான்." உண்மை. ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் எழுத்தைச் சீர்நிலைப்படுத்தும் செயல் மொழியோடே வருகிறது. துண்டாக இருந்தால் சேர்த்துவிடும். அதற்கு எந்த நிரலகமும் தேவையில்லை. கட்டுரை உள்ளே போகும் வாசலிலும் தேடற்சொல் உள்ளே போகும் வாசலிலும் அந்த ஒரு வரியை வைத்தோம். 'ஸ்ரீ' மட்டும் அதற்கும் கட்டுப்படாது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயையும், 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீயையும் யுனிகோடு சமமாகக் கொள்வதில்லை. பார்வைக்கு ஒன்றாயிருக்கும் அந்த இரண்டையும் ஒன்றாக்கத் தனியே ஒரு வரி எழுதினேன். அதை நானே எழுதினேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கடைசியாக, எந்த நிரலகம் எந்தப் பதிப்பில் இறங்கியது என்று ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பு. 2017இலிருந்து என்.பி.எம். அதைத் தானாகவே எழுதுகிறது. நான் அதை ஏதோ குப்பையென்று அழித்துவந்திருக்கிறேன். அதை அழிக்காமல் வைத்திருந்தால் எந்த நாளில் எது மாறியதென்று ஒரு நிமிடத்தில் கண்டிருக்கலாம். இப்போது அதோடு நிரலகங்களின் பிரதிகளையும் என் வன்தட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். 2016 மார்ச் 22ஆம் திகதி நடந்ததை நிரலாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெயர் உரிமைப் பிணக்கொன்றினால் மனம் கசந்த அசர் கொச்சுலு என்ற நிரலாளர், தாம் எழுதிய 250க்கும் மேற்பட்ட நிரலகங்களைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று, சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்க்கும் பதினொரு வரி நிரல். அந்தப் பதினொரு வரி இல்லாமற் போனதால் உலகெங்கும் பெரிய பெரிய செயற்றிட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் அதை மீண்டும் வைத்தார்கள். பின்னர் நினைத்தபடி எடுக்க முடியாதவாறு விதியையும் மாற்றினார்கள்.

வெளியிலிருந்து வருவதை நம்பி வாழ்வது எப்படியென்று இந்தக் குடாநாட்டில் இருந்தவர்களுக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் அச்சுத்தாள் வராமல் பத்திரிகைப் பக்கங்கள் குறைந்ததை நான் கண்டவன். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதும் நமக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அந்நாள்களிலேயே எரிந்தது. நான் அதையும் இதையும் ஒப்பிடவில்லை. அது அழித்தது, இது என் கவனக்குறைவு. ஆனால் தேடி வந்தவருக்கு இரண்டு இடத்திலும் கிடைக்கும் பதில் 'இல்லை' என்ற ஒரே சொல்தான். இருந்தும் இல்லையென்று சொல்லப்படுவது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. எரிந்ததை எரித்தவன் கணக்கில் எழுதலாம். இதை என் கணக்கில்தான் எழுதவேண்டும்.

சுருட்டுத் தொழிலாளியைப் பற்றிய கட்டுரை 2003இல் வந்திருந்தது. புகையிலையின் நரம்பை நீக்கும்போது விரலுக்கு வரும் அறிவு கண்ணுக்கு வராது என்று அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன். சுற்றும்போது ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்களென்றும், நான் பணியாற்றிய பத்திரிகையின் எழுத்துப் பிழைகளைக்கூடக் காதாலேயே பிடித்துவிடுவார்களென்றும் சிரித்துக்கொண்டு சொன்னாராம். அதை நான் முற்றாக மறந்திருந்தேன்.

எழுதிவைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை அழித்துவிட்டு, கட்டுரையைப் பெண்மணிக்கு அனுப்பினேன். பாமினியில் இருந்த மூலக் கோப்பையும் உடன் வைத்தேன். ஒரு பிரதி ரொறன்ரோவிலும் இருக்கட்டும். மறுநாட் காலை பதில் வந்திருந்தது. தாயாருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாராம். "ஐயாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்று அம்மா சொல்கிறா" என்று முடித்திருந்தார்.

இறுவட்டைத் திறந்து பார்த்தேன். மூலத்திலேயே பிழை. அதற்கு எந்த நிரலகமும் பொறுப்பில்லை. திருத்திவிட்டேன்.

வேறு ஊர்க்காரர் எவரேனும் முன்பு என் பக்கத்தில் தேடி, 'இல்லை' என்ற பதிலோடு திரும்பிப் போயிருந்தால், தயைகூர்ந்து இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.